பொன்னாயிக்குத் துணையாக ஒரு வார்த்தை

காத்தாயி குத்துக்காலிட்டு உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பாத்திரம் துலக்குவதும் கீரை ஆய்வதும் ஒரு காலை நீட்டிக்கொண்டுதான். கேட்டால் முட்டிவலி என்பாள். கடைசிப் பிரசவத்துக்குப் பிறகு அவளுக்குக் கர்ப்பப்பை இறங்கிவிட்டது பொன்னாயிக்கு மட்டும் தெரியும். பொன்னாயிக்கும் அதே அவஸ்தை. திருமானூர் வயல்களில் பக்கத்தில் பக்கத்தில் நின்று நடவு நடும்போது, குனிந்த தலை நிமிராமல் இருவரும் அதைப் பேசிக்கொள்வார்கள்.

எண்பத்து நான்கில், பெண்களின் நோய்களைப் பற்றி ஆராய மலர்க்கொடி என்ற பட்டதாரிப் பெண் ஊருக்கு வந்தாள். வீடு வீடாகக் கேட்டதற்கு எல்லோரும் "ஒண்ணும் இல்லம்மா" என்றார்கள். கூடிப் பேசினால் கூச்சம் விடும் என்று பள்ளிக்கூடத்துக்கு அழைத்தாள்.

"மொதல்ல நான் சொல்றேன். பின்னாலயே நீயும் சொல்லிடணும், என்னடி?" என்றாள் பொன்னாயி.

"நீ வாயத் தொற. நான் இருக்கேன்ல."

அன்றைக்கென்று பாடாலூரிலிருந்து சம்பூர்ணம் வந்து இறங்கினாள். காத்தாயியின் மகளைத் தன் மகனுக்குக் கேட்டிருந்தவள். வந்தவளை வீட்டில் தனியே விட்டுப் போனால் மரியாதையா? காத்தாயி அவளையும் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"பேரு எழுத மாட்டேங்க. மனசுல உள்ளதப் பேசுங்க" என்றாள் மலர்க்கொடி.

பொன்னாயி சொன்னாள்: "எனக்குக் கர்ப்பப்பை எறங்கிக் கெடக்கு. துணிய வச்சு இறுக்கிக் கட்டிக்கிட்டுத்தான் நடவுக்குப் போறேன்."

"அதான் ஒம் புருசன் வாசல்ல கட்டிலப் போட்டுட்டாரா?" பின்னாலிருந்து ஒருத்தி கேட்க, கூட்டம் சிரித்தது.

சம்பூர்ணம் காத்தாயியின் காதோரம் குனிந்தாள். "சீ! இந்த மாதிரி ஒடம்புக்காரி வூட்டுல யாரு பொண்ணெடுப்பா?"

பொன்னாயி திரும்பிக் காத்தாயியைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்படிங்கக்கா?" என்று மலர்க்கொடியும் கேட்டாள்.

"எனக்கென்னம்மா, கல்லு மாதிரி இருக்கேன்." அதோடு நிறுத்தியிருக்கலாம். காத்தாயி சிரித்தும் வைத்தாள்.

அதற்குமேல் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

மகளின் கல்யாணம் நடந்தது. பொன்னாயி சண்டை போடவில்லை. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டும் போனாள். ஆனால் நடவில் வரிசையின் மறுகோடிக்குப் போய்விட்டாள். அவளுடைய குனிந்த முதுகைத் தூரத்தில் பார்க்கும்போதெல்லாம் காத்தாயிக்கு உடம்பு கூசியது. இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். சம்பந்தி வீட்டு முகம் நினைவுக்கு வரும்.

பொன்னாயியின் மகனுக்கு ஆலத்தியூரில் வேலை கிடைத்தது. அவள் ஊரை விட்டுக் கிளம்பிய அன்று, பஸ் நிற்குமிடத்தில் பெண்கள் கூடியிருந்தார்கள். நாலு பேர் காதுபட இப்போதாவது சொல்லிவிடுவது என்றுதான் காத்தாயி வந்தாள். மூட்டையைத் தூக்கிக் கொடுத்தாள். "ஒடம்பப் பாத்துக்க" என்பதற்குமேல் வரவில்லை.

"நீயும் பாத்துக்க" என்றாள் பொன்னாயி, வேறு யாருக்கும் கேட்டுவிடாதபடி குரலைத் தாழ்த்தி.

ஊரில் அந்த நோய் இன்றும் பொன்னாயி ஒருத்தி பேரில்தான் இருக்கிறது. காத்தாயி அதைத் திருத்தவில்லை.