பைலட்டு மாஸ்க்கு

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் என் கண்ணாடிக் கடைக்கு ஒருநாள் சாணார்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் சம்பங்கி போட்டிருந்தார். பூ மூட்டையை மொபெட்டில் வைத்துக்கொண்டு தினமும் திண்டுக்கல் மார்க்கெட்டுக்கு வந்து போகிறவர். வழியில் தூசி விழாமல் இருக்கக் கண்ணில் ஒரு காகிள்ஸ் மாட்டியிருந்தார். தோல் விளிம்பும் பித்தளைக் கொக்கியும் கொண்ட, பழைய காலத்து விமானிகள் போட்ட காகிள்ஸ் அது.

"இதுக்குள்ள பவர் கண்ணாடி போட்டுக் குடுங்க தம்பி. பூவு தெரியிது, ரோடுதேன் தெரிய மாட்டேங்குது" என்றார்.

அந்த வளைவுக்குள் பவர் கண்ணாடியை உட்கார வைக்க என்னால் முடியவில்லை. சாதாரண மூக்குக் கண்ணாடி ஒன்று செய்து கொடுத்தேன். அதை மாட்டிக்கொண்டு தெருவை இப்படியும் அப்படியும் பார்த்தவர், காகிள்ஸை மேசையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினார். "நீங்களே வச்சுக்கங்க. ரெண்டையும் மாட்டுனா மூக்கு தாங்காது."

அப்படித்தான் ஆரம்பித்தது. விமானங்கள் மீது எனக்குப் பெரிய ஆசை இருந்ததில்லை. மேலே ஏதாவது பறந்தால்கூட நிமிர்ந்து பார்க்க மாட்டேன். ஆனால் அந்தக் காகிள்ஸைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தபோது வேறொன்று பிடித்துக்கொண்டது. மனிதனுக்கென்று விதிக்கப்படாத உயரத்துக்குப் போகிறவன், தன் உடம்புக்கும் அந்த ஆகாயத்துக்கும் நடுவில் எதையெதை வைத்துக்கொண்டான்? கண்ணுக்கு இது. காதுக்கு? கைக்கு? மூச்சுக்கு?

கொஞ்சங்கொஞ்சமாகச் சேர்ந்தது. காதுப் பக்கம் வட்டமாக ஹெட்போன் தைத்த தோல் தொப்பி, உள்ளே ரோமம் வைத்த ஆட்டுத்தோல் ஜாக்கெட், கடலில் விழுந்தால் மிதக்க வைக்கும் மஞ்சள் சட்டை, தொடையையும் வயிற்றையும் இறுக்கிப் பிடிக்கும் காற்றுப் பை வைத்த கால்சட்டை, முழங்காலில் வரைபடம் செருகப் பை தைத்த பறக்கும் உடுப்பு. பாதிக்கு மேல் மதுரையில் பழைய சாமான் வியாபாரம் செய்யும் ஒரு பாய் வழியாக வந்தவை. மீதி, என்னைப் போலவே இந்தக் கிறுக்குப் பிடித்த வெளியூர் ஆட்களிடம் மாற்றிக்கொண்டவை.

என் மனைவி இதைத் தடுத்ததும் இல்லை, ஆதரித்ததும் இல்லை. யாராவது வீட்டுக்கு வந்தால், "எங்க வீட்டுல பிளேனு ஒண்ணுதேன் இல்ல" என்பாள்.

திண்டுக்கல் வெயில் இந்தச் சாமான்களுக்கு ஆகாது. ரப்பர் இளகும், பிறகு இறுகும், பிறகு வெடிக்கும். ஐப்பசி மழையில் தோலில் பூஞ்சை படரும். அதனால் மழை விட்ட நாட்களில் எல்லாவற்றையும் மாடியில் கயிறு கட்டி நிழலில் காயப் போடுவேன். பக்கத்து மாடியில் வற்றல் காயவைக்க வரும் மதினி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நிற்பார்.

அவரை மதினி என்றும் அவர் வீட்டுக்காரரை அண்ணன் என்றும் கூப்பிடுவது பழக்கத்தில் வந்த உறவு. அண்ணனுக்கு வாழைப்பழக் கடை. சிறுமலைக்குப் போய்த் தோட்டத்திலேயே மலைவாழைத் தார்களைப் பார்த்து எடுத்து வருவார். மதினிக்கு என் சேகரிப்பில் ஒன்றே ஒன்றின் மேல்தான் கண். மூக்கையும் வாயையும் மூடும் ரப்பர் முகமூடி, அதிலிருந்து தொங்கும் நெளிநெளியான குழாய்.

"என்ன தம்பி இது, யான கணக்கா?"

"பைலட்டு போடுற மாஸ்க்கு மதினி. ரொம்ப உசரத்துல காத்து பத்தாது. இது வழியாத்தேன் ஆக்சிஜன் வரும்."

"அம்புட்டு உசரத்துக்கு எதுக்குப் போகணும்?" என்று கேட்டுவிட்டு வற்றலைத் திருப்பிப் போடப் போய்விட்டார்.

கொரோனாவின் இரண்டாம் அலையில் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிகளில் படுக்கை இல்லை. கிடைக்கும்வரை வீட்டிலேயே ஆக்சிஜன் கொடுக்கச் சொல்லி டாக்டர் போனில் சொல்லியிருந்தார். மதினியின் தம்பி எங்கெங்கோ அலைந்து ஒரு சிலிண்டரைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினான். அதன் தலையில் மாட்டுகிற மீட்டரும் இல்லை, முகத்தில் வைக்கிற மாஸ்க்கும் இல்லை. ஊரில் எந்தக் கடையிலும் இல்லை. சாமான் வந்திருக்கிறது, திறக்க வழியில்லை.

காலையில் மதினி எங்கள் வாசலில் வந்து நின்றார். முகத்தில் சேலை முந்தானையைச் சுற்றியிருந்தார். உள்ளே வரவில்லை.

"தம்பி, ஒங்கிட்ட அந்தப் பைலட்டு மாஸ்க்கு இருக்குல்ல, அதக் குடு."

எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. "மதினி, அது பழசு. வேல செய்யாது" என்றேன்.

"பழசா இருந்தா என்ன? கொழாய சிலிண்டர்ல மாட்டிக்கிடுறோம். ஆக்சிஜனுக்குன்னு நீதான சொன்ன?"

"இது அதுல சேராது மதினி. அந்தக் கொழாயி வேற, இது வேற."

அவர் என்னையே பார்த்தார். கண்கள் மட்டும்தான் தெரிந்தன. "குடுக்க மனசில்லயா தம்பி? நான் திருப்பிக் குடுத்துருவேன். கழுவிக் குடுத்துருவேன்."

வாழ்நாளில் அவ்வளவு கூசிப்போனதில்லை. உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் அந்த வாசலில் அது கருமியின் சாக்குப்போக்கு மாதிரியே கேட்டது. இனி வாயால் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்தது. உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து முகமூடியை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன்.

முந்தானையை இறக்கிவிட்டு அதைத் தன் முகத்திலேயே வைத்துப் பார்த்தார். அழுத்தி மூச்சை இழுத்தார். மூக்குத் தண்டு படியும் இடத்தில் ரப்பர் வெடித்து, கறுப்பாக ஒரு சில்லு அவர் உதட்டில் ஒட்டியது. குழாயைத் தொட்டார். அது வறண்ட முருங்கைக்காய் போல ஒடிந்து கையோடு வந்தது. மதினி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. ஒடிந்த துண்டைப் பெரிய துண்டோடு சேர்த்து வைத்துப் பிடித்துக்கொண்டு, "ஒடச்சுப்புட்டேனே" என்றார்.

"அது கெடக்கு மதினி. எந்திரிங்க. நான் பாக்குறேன்" என்றேன். எதைப் பார்ப்பது என்று எனக்கே தெரியவில்லை.

என் மனைவிதான் சொன்னாள்: "ஒங்க மதுர பாய்ட்ட கேளுங்க. இல்லாத சாமானெல்லாம் அவருட்டத்தான இருக்கும்."

போன் போட்டேன். "மாஸ்க்" என்று நான் ஆரம்பித்ததுமே பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "ஊரே செத்துக்கிட்டிருக்கு, இப்பவும் பைலட் மாஸ்க் தேடுறீங்களா சார்?"

"அது இல்ல பாய்" என்று விஷயத்தைச் சொன்னேன். அவர் குரல் இறங்கியது. பிறகு, மூடிப்போன ஒரு நர்சிங் ஹோமின் சாமான்களை ஏலத்தில் எடுத்துக் குடோனில் போட்டிருப்பதாகவும், கட்டில்களுக்கு அடியில் அந்த மாதிரி மீட்டர் ஏதாவது கிடக்கலாம் என்றும் சொன்னார். "தேடிட்டுக் கூப்புடுறேன். வண்டியில பெட்ரோல் மட்டும் போட்டு வைங்க."

மீட்டர் கிடைத்துவிட்டது என்று பாய் கூப்பிட்டதும், அவரையும் திண்டுக்கல்வரை வரச் சொல்லாமல், நானும் மதுரைவரை போகாமல், நடுவில் கொடைரோட்டில் சந்திப்பது என்று முடிவானது. ஊரடங்கில் போலீஸ் மறித்தால் காட்ட, காய்ச்சல் வந்த அன்று டாக்டர் எழுதிய சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பைக்கில் போனேன். நான்குவழிச் சாலை காலியாகக் கிடந்தது. பாய் எனக்கு முன்பே வந்து ஒரு புளியமரத்தடியில் நின்றிருந்தார். துணிப்பையைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். பித்தளை மூக்கும் கண்ணாடிக் குழாயும் கொண்ட ஒரு மீட்டர், உறை பிரிக்காத இரண்டு பிளாஸ்டிக் மாஸ்க்குகள்.

"பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரி கம்பவுண்டர்ட்ட காட்டி மாட்டிப் பாத்துட்டேன். லீக் இல்ல. வாஷர மாத்திட்டேன்" என்றார். எத்தனை தடவை எவ்வளவு தூரம் இழுத்து இழுத்து விலை பேசியிருப்போம். அன்று விலை என்ற சொல்லையே இருவரும் எடுக்கவில்லை.

மீட்டர் சிலிண்டரில் உட்கார்ந்தது. மதினியின் தம்பி திறந்ததும் கண்ணாடிக் குழாய்க்குள் சின்னக் குண்டு ஒன்று எழும்பி மிதந்தது. வாசலில் நின்று ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்து அண்ணனைக் கொண்டுபோனார்கள். பல நாள் கழித்து, மெலிந்து, சட்டை தோளில் தொங்க, உயிரோடு வந்து இறங்கினார்.

கடையை அவர் மறுபடி திறக்க வெகுநாள் ஆனது. அதற்குள் சாயங்காலமானால் இந்தச் சாமான்கள் வைத்திருக்கும் என் அறைக்கு வந்து உட்கார்ந்துகொள்வது பழக்கமாகிவிட்டது. அதுவரை ஒருமுறைகூட எட்டிப் பார்க்காதவர். ஒடிந்த முகமூடியைக் கையில் எடுத்து, "இதப் போடாட்டி அவுகளுக்கு என்ன செய்யும்?" என்று கேட்டார்.

வருகிறவர்களுக்கெல்லாம் நான் சொல்லும் கதை ஒன்று உண்டு. அதையே அவருக்கும் சொன்னேன். உயரத்தில் ஆக்சிஜன் குறைந்தால் மூச்சு முட்டவே முட்டாது, அதுதான் ஆபத்து. விமானிக்கு மனசு லேசாகும், எல்லாம் நன்றாக நடப்பது போலத் தோன்றும், சிரிப்புக்கூட வரும், அப்படியே நினைவு போய்விடும். கேட்கிறவர்கள் வியந்து தலையாட்டுவார்கள். எனக்கும் சொல்ல ஒரு ருசி.

அண்ணன் தலையாட்டவில்லை. "ஆமா" என்றார்.

"ஆமான்னா?"

"எனக்கு அப்படித்தேன் இருந்துச்சு தம்பி. வெரல்ல மாட்டுற மெஷினப் பாத்துட்டு இவ கத்துறா, மச்சான் கத்துறான். நான் நல்லாத்தேன் இருக்கேன். சிறுமல ரோட்டுல தாரு ஏத்திக்கிட்டு எறங்குறாப்புல இருக்கு. எதுக்கு இந்தச் சனம் இம்புட்டு அலறுதுன்னு சிரிப்பா வந்துச்சு. மாஸ்க்க மாட்டுன பெறகுதேன் பயமே வந்துச்சு."

இத்தனை வருஷமாக அந்த முகமூடியைத் துடைத்திருக்கிறேன், அதன் தையலும் கொக்கியும் எனக்கு மனப்பாடம். அதற்குள் ஒரு முகம் இருந்திருக்கும் என்பதும் தெரியாததல்ல. ஆனால் அந்த முகம் சிரித்துக்கொண்டிருக்கும் என்று கதை சொல்லும்போதுகூட நான் நினைத்துப் பார்த்ததில்லை. வாழைத்தார் தூக்கிக் காய்த்துப்போன கையில் அது இருந்ததைப் பார்த்தபோது, அதற்கு உரியவன் நானல்ல என்று தோன்றியது. பொறாமையோ வருத்தமோ இல்லாமல் அப்படித் தோன்றியது.

அவரைக் கூப்பிட வந்த மதினி ஜாக்கெட்டையும் மஞ்சள் சட்டையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இதப் போட்டுக்கிட்டுப் போனவுக எல்லாம் வீட்டுக்குத் திரும்பி வந்தாகளா தம்பி?"

"தெரியாது மதினி. சட்ட வந்திருக்கு. அவுகளும் வந்திருப்பாகன்னு நெனச்சுக்கிட வேண்டியதுதேன்."

"கேட்டு வாங்கக் கூடாதா?"

யாரிடம் கேட்பது? பாய்க்கும் தெரியாது, பாய்க்குக் கொடுத்தவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அதற்குப் பிறகு எதை வாங்கினாலும் நான் கேட்கிறேன். பெரும்பாலும் பதில் இருப்பதில்லை. ஒரே ஒருமுறை, பெங்களூரிலிருந்து கையுறை அனுப்பிய ஒரு பெண், அது தன் மாமனாருடையது என்றும், அவர் வயதாகி, பேரப்பிள்ளைகளைத் திட்டிக்கொண்டே, தூக்கத்தில் போய்ச் சேர்ந்தார் என்றும் சொன்னார். மதினியிடம் சொன்னேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

அண்ணன் இப்படி வந்து உட்காருவதில் எனக்கு ஒரு நஷ்டமும் உண்டு. பூச்சி வராமலிருக்க அலமாரிகளில் அந்துருண்டை போட்டு வைப்பேன். அந்த நெடி அண்ணனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் இருமல் பிடித்துக்கொள்ளும். அவராகவே ஜன்னலோரம் நகர்ந்து உட்காருவார். ஒருநாள் எல்லா உருண்டைகளையும் பொறுக்கி வெளியே போட்டுவிட்டு, காய்ந்த வேப்பிலையையும் வசம்பையும் துணியில் முடிந்து வைத்தேன். தோலுக்கு அது போதும், ரோமத்துக்குப் போதவில்லை. அந்த மழைக்காலம் முடிந்து ஆட்டுத்தோல் ஜாக்கெட்டை விரித்தபோது கழுத்துப்பட்டையில் பாதி ரோமத்தைப் பூச்சி அரித்திருந்தது. என்னிடம் இருப்பவற்றிலேயே அரியது அதுதான்.

மனைவி பார்த்துவிட்டு, "மறுபடி உருண்டையப் போட்டுருவமா?" என்றாள்.

"வேணாம்" என்றேன்.

உதிர்ந்த ரோமத்தை அவள் முறத்தில் கூட்டி அள்ளினாள். பக்கத்து வீட்டுக் கேட் திறக்கும் சத்தம் கேட்டது; அண்ணன் வருகிற நேரம். நான் ஜாக்கெட்டை மாடிக்குக் கொண்டுபோய் நன்றாக உதறி, அரிக்காத பக்கம் வெளியே தெரிகிற மாதிரி கொடியில் போட்டேன்.