மூடிக்குள் வைத்த படம்

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் ஷா ஆலம் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பதினாறு வருஷம் ஈயம் பற்றவைத்தவள். என் கை பட்ட சர்க்யூட் போர்டு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இதைச் சொல்ல எனக்கென்ன கூச்சம்?

மகள் கம்ப்யூட்டர் என்ஜினியர். தொண்ணூறுகளில் பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் இருந்த அடுக்குமாடிக்கு, தொட்டி காலியானால் தண்ணீர்ப் பம்பு தானாக ஓட ஒரு பெட்டி செய்தாள். புரோகிராம் அவளுடையது, பற்றவைப்பு என்னுடையது. போர்டில் செம்புக் கோடு ஒன்றைப் போட மறந்துவிட்டாள். அது இணைக்க வேண்டிய இரண்டு புள்ளிகளையும் நான் சிவப்பு வயரால் இணைத்தேன். ஓடியது.

அதோடு விட்டாளா? போர்டின் படத்தையும் புரோகிராமையும் அச்செடுத்து, மடித்து, மூடிக்குள் வைத்தாள். கேட்டவருக்கெல்லாம் நகல். பிறகு அவள் செய்த பெட்டிகள் எல்லாவற்றிலும் அதே பழக்கம்தான். இப்போது ஓப்பன் சோர்ஸ் என்கிறார்கள். அன்றைக்கு நான் கிறுக்கு என்றேன்.

“மாசக்கணக்கா உழைச்சத இப்படித் தூக்கிக் குடுக்கிறியே!”

“நான் இல்லாதப்ப கெட்டுப்போனா யாரும்மா ரிப்பேர் பண்றது? படம் இருந்தா எவனும் பண்ணுவான் லா.”

நகல் வாங்கியவர்களில், கட்டடங்களுக்குப் பம்பு மாட்டித் தரும் ஒரு குத்தகையாளனும் உண்டு. என் வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போனான்.

அடுத்த வருஷம் கிள்ளானிலிருந்து தங்கை போன் செய்தாள். “அக்கா, மூணு நாளா தண்ணி இல்ல. பம்புக்கு மாட்டுன புதுப் பெட்டி செத்துப்போச்சு. தொறக்கவே முடியாதுங்கிறான் கடைக்காரன்.” அவள் இருந்தது நாலாவது மாடி. வயிற்றில் ஆபரேஷன் செய்து மாதம்கூட ஆகவில்லை, வாளி தூக்கிக்கொண்டிருந்தாள்.

நானும் மகளும் போனோம். பெட்டிமேல் அதே குத்தகையாளனின் கம்பெனி ஸ்டிக்கர். உள்ளே கருப்புப் பசையை ஊற்றிப் போர்டையே புதைத்திருந்தான். படமும் இல்லை. மெயின் சுவிட்சை அடைத்துவிட்டு, சூடு காட்டிக் காட்டி, அவசரப்படாமல் சுரண்டினேன்.

பசைக்கு அடியில் சிவப்பு வயர். அதே இரண்டு புள்ளி. புதிதாகப் போர்டு அடிப்பவன், விட்டுப்போன அந்தக் கோட்டைப் போர்டிலேயே போட்டிருக்கலாம். எதற்கென்று தெரியாமல் எங்கள் தவறையும் என் வயரையும் சேர்த்தே திருடியிருக்கிறான்!

யாரோ சொல்லி, அவனே ஓடி வந்தான். “ஆன்டி, எங்க கம்பெனி டிசைன ஒடைக்கலாமா?”

“உன் டிசைனா? அப்ப இந்தச் சிவப்பு வயர் எதுக்குன்னு சொல்லு.”

“அது... கரண்டு போறதுக்கு.”

“எங்கேருந்து எங்க?”

வாளியோடு நின்ற ஒருத்தி, “சொல்லுங்க பாஸ், நாங்களும் கத்துக்கிறோம்” என்றாள். 

மகள் அவனை நாலு வார்த்தை கேட்பாள் என்று பார்த்தேன். “காப்பி அடிச்சதுக்குக் கோவமில்ல அண்ணே. அதுக்குத்தான் குடுத்தேன். ஏன் பசைய ஊத்தி அடைச்சீங்க?” என்றாள்.

அண்ணேயாம்! அவன்மேல் வந்த கோபத்தைவிட அவள்மேல் எனக்கு அதிகம் வந்தது.

கெட்டுப்போனது என்ன தெரியுமா? போர்டில் ஒரு பாகத்தின் ஒரே ஒரு கால், பற்றவைப்பு விட்டிருந்தது. இதற்கா மூன்று நாள்? இதற்கா என் தங்கை படியேறினாள்? ஒரு சொட்டு ஈயம் வைத்தேன். பம்பு உறுமியது. கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து தங்கை, “வந்துருச்சுக்கா!” என்று கத்தினாள்.

மகள் பையிலிருந்து படத்தை எடுத்து மூடிக்குள் வைக்கப் போனாள். பிடுங்கிக்கொண்டேன். பெட்டிக்கு வெளியே, அவன் கண்முன்னே, அவனுடைய ஸ்டிக்கர் மேலேயே ஒட்டினேன்.

“அம்மா, வேணாம்மா.”

நான் கேட்கவில்லை.