பங்குக் கிணற்றின் தண்ணீர்க் காசு

எங்கள் வீட்டில் கிரிப்டோ என்பது கெட்ட வார்த்தை. முன்பொரு முறை, சம்பளத்தில் மிச்சம் பிடித்ததையெல்லாம் பெயரே வாயில் நுழையாத ஒரு காயினில் போட்டேன். அது தரைமட்டமான கதை எங்கள் ஊரான எரியோடு பக்கம் சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் தெரியும். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் போதும். "என்னத்தா, உன் காயினு எந்திரிச்சிருச்சா?" என்று யாராவது கேட்டுவிட்டுத்தான் ரசத்துக்கு இலையைக் காட்டுவார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். காசு போனதுகூடப் பெரிதில்லை. அதற்குப் பின்னால் இருந்த யோசனை எவ்வளவு அழகானது என்று ஒருத்தருக்கும் புரியவைக்க முடியவில்லையே என்பதுதான் என் ஆத்திரம்.

யோசனை ரொம்ப எளிது. ஒரே நோட்டு, ஆனால் எல்லார் கையிலும் ஒரு பிரதி. ஒருவர் ஒரு வரி எழுதினால் எல்லார் நோட்டிலும் ஏறும். ஏறிய வரியை யாராலும் அழிக்க முடியாது, எழுதியவரே தலைகீழாக நின்றாலும். நடுவில் ஒரு பெரிய மனுஷர் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. இதை வைத்துச் சூதாடாமல் சாதாரண ஜனத்துக்கு ஏதாவது செய்ய முடியாதா என்று திண்டுக்கல்லில் என் வாடகை வீட்டு மாடியில், கம்பெனி வேலைக்கு நடுநடுவே, மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். விடை எங்கள் தோட்டத்துக் கிணற்றடியில் இருந்தது.

எங்களுடையது பங்குக் கிணறு. ஐந்து வீட்டுக்குப் பொது, ஒரே மோட்டார், கிழமை வைத்து முறை. நம் முறையில் கரண்ட் போய்விட்டால் அந்த நேரத்தைப் பிறகு ஈடு கட்டித் தர வேண்டும் என்பது பேச்சு. எத்தனை மணி நேரம் போனது என்று யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? யார் குரல் பெரிதோ அவர் சொன்னதுதான் நேரம். எங்கள் கிணற்றில் பெரிய குரல் என் அப்பாவுடையது. சின்னக் குரல் அத்தையுடையது.

சொந்த அத்தை இல்லை. பக்கத்துத் தோட்டக்காரர், அப்பாவை அண்ணே என்று கூப்பிடுவதால் எனக்கு அத்தை. கால் ஏக்கரில் கனகாம்பரம் வைத்திருக்கிறார். அவர் வீட்டுக்காரர் லாரியோடு வடக்கே போனால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டார். தண்ணீருக்குச் சண்டை போட அத்தை ஒருவர்தான், அவருக்கோ சண்டை வராது. ஒவ்வொரு கோடையிலும் பாதிப் பாத்தி காய்ந்துபோகும். மீதியில் பூத்ததைத்தான் வைகாசி முகூர்த்தத்துக்குப் பறித்துக்கொண்டு போவார்.

ஆகவே ஒரு காசு செய்தேன். ஒரு மணி நேரத் தண்ணீர், ஒரு காசு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரவர் பங்குக்கு ஏற்ப ஐந்து பேர் போனிலும் காசு ஏறும். மோட்டார் ஓட ஓடக் குறையும். கரண்ட் போனால் குறைவதும் நின்றுவிடும், மிச்சம் உங்கள் பெயரிலேயே இருக்கும். வேண்டுமானால் இன்னொருவருக்குக் கொடுக்கலாம். போனிலிருந்தே மோட்டாரைப் போடும் ஸ்டார்ட்டர் பெட்டி இப்போது எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறதே, அதோடு இதைக் கோத்துவிட்டேன். காசு இல்லாதவருக்கு மோட்டார் ஓடாது. விலை ஏறாது, இறங்காது, கிணற்றைத் தாண்டினால் செல்லாது. உலகத்திலேயே யாரும் ஏமாற முடியாத காயின் என்று எனக்குள் ஒரே துள்ளல்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மோட்டார் ரூமில் ஐந்து போனும் ஒரே நேரத்தில் டிங் என்றபோது நான் நிஜமாகவே குதித்தேன். கிணற்றுப் பங்குக்காரர்களில் ஒருவர் ரிட்டயர்டு கண்டக்டர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "அம்மாடி, இது டிக்கெட்டுக் கிழிக்கிற மாதிரில்ல இருக்கு" என்றார். ஒரே நொடியில் புரிந்துகொண்டார்! அந்தோணியார் கோயில் தெருவிலிருந்து வரும் மற்ற இரண்டு பங்குக்காரர்கள், அண்ணன் தம்பி இருவரும், ஒருவருக்கொருவர் ஒரு காசை அனுப்பி, திருப்பி அனுப்பி விளையாடினார்கள். அப்பா மட்டும், "வாய்க்காலுக்குப் போன் வச்சாச்சு. இனி மம்பட்டிக்கு ஒண்ணு வாங்கிருவோம்" என்றார்.

மூன்றே மாதத்தில் அத்தை பெயரில் சேர்ந்த மிச்ச நேரத்தைப் பார்த்து அவரே நம்பவில்லை. "இம்புட்டு நேரமா என் தண்ணி போய்க்கிட்டிருந்துச்சு?" என்று கேட்டார். அன்று திண்டுக்கல் திரும்புகிற வழியெல்லாம் ஸ்கூட்டரில் பாடிக்கொண்டே போனேன். எதிரே வந்த பஸ்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நடுவில் அப்பாவின் போன் செத்துப்போனது. புதுப் போனில் காசைத் திரும்ப எடுக்க வேண்டுமென்றால் ஆளுக்குப் பன்னிரண்டு ரகசிய வார்த்தைகள் உண்டு. குடம், மின்னல், எருமை, தாழ்ப்பாள் என்று எல்லாம் எளிய தமிழ் வார்த்தைகள். அவற்றை வரிசை மாறாமல் போட்டால்தான் பூட்டுத் திறக்கும்; யார் போட்டாலும், எந்தப் போனிலும் திறக்கும். பேப்பரில் எழுதிப் பத்திரமாக வைக்கச் சொல்லியிருந்தேன். "உங்க பேப்பர் எங்கப்பா?" என்று கேட்டேன். அவர் என்னை நேரே மோட்டார் ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

சுவரில் லைன்மேன் நம்பர், மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர் நம்பர், போர்வெல்காரர் நம்பர் எல்லாம் கரியால் எழுதியிருக்கும். அதற்குக் கீழே, ஐந்து பேர் பெயர் போட்டு, ஐந்து பேருடைய பன்னிரண்டு வார்த்தைகளும்! கண்டக்டரின் கையெழுத்து, அடிக்கோடு வேறு.

"இது ரகசியம்ப்பா! ஊருக்கே எழுதி வச்சிருக்கீங்க!"

"பேப்பரு தொலைஞ்சிரும்த்தா. செவுரு எங்க போகும்?"

கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். சுண்ணாம்பு அடித்து மறைக்கச் சொன்னேன். "நாம அஞ்சு பேருதான, யாரு வந்து தூக்கிட்டுப் போகப் போறா?" என்றார்கள். எங்கள் பக்கம் முக்கியமானது எதுவோ அது மோட்டார் ரூம் சுவரில்தான் இருக்கும். நானும் விட்டுவிட்டேன். பக்கத்து ஊர்க் கிணற்றுக்காரர்கள் விசாரிக்க ஆரம்பித்திருந்தார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே, வார்த்தையை எப்படிப் போட்டுத் திறப்பது என்று அப்பாவுக்கு நான்தான் ஒன்றொன்றாகச் சொல்லிக் கொடுத்தேன்.

சித்திரை வந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு சனிக்கிழமை சாயந்தரம் அத்தையின் போன் வாய்க்காலில் விழுந்துவிட்டது. நான் திண்டுக்கல்லுக்குக் கிளம்புகிற நேரம், அப்பா சந்தைக்குப் போயிருந்தார். போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்த் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரிப்பேர்க் கடையில் கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமை, அத்தையின் முறை நாள், காலையிலேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டேன்.

மோட்டார் ரூமில் நின்று அத்தை போனில் மோட்டாரைப் போட்டார். ஓடவில்லை. திரும்பப் போட்டார். ஓடவில்லை. திரையைப் பார்த்தேன். பதினோரு காசு இருக்க வேண்டிய இடத்தில் சைபர்.

"அவளுக்குக் காசு இல்லைன்னா இன்னிக்கி நான் ஓட்டிக்கிறேன்" என்று அப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். சத்தம் கேட்டு மற்ற மூவரும் வந்துவிட்டார்கள். கண்டக்டர் தன் போனைத் திறந்து படித்தார். "நோட்டுல தெளிவா இருக்கே. நேத்து வெள்ளிக்கிழமை, சாயந்தரம் அஞ்சரை. அந்தம்மா பதினோரு காசும் உங்கப்பாவுக்குக் குடுத்திருக்கு."

"நான் குடுக்கலையே" என்றார் அத்தை. வழக்கமான அந்தச் சின்னக் குரல். "பாத்தி வெடிச்சுக் கெடக்குண்ணே. இன்னிக்கித் தண்ணி தப்புனா செடி அம்புட்டும் போயிரும்."

"நோட்டு பொய் சொல்லுமா?" என்றார் அப்பா. "என் மக செஞ்ச நோட்டு."

முன்பாவது அத்தை சொன்னதை யாராவது பாதி நம்பியிருப்பார்கள். இப்போது நான் செய்த நோட்டே அவர் கொடுத்ததாகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. அவருடைய தண்ணீரை எடுத்ததுமல்லாமல் அவரையே பொய்க்காரி ஆக்கியிருந்தது. மற்ற மூவரும் தரையைப் பார்த்தார்கள். அப்பா சுவரைப் பார்க்காமல் நின்றார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவமானத்தில் காது சுட்டது. அவர் எடுத்தார் என்பது ஒரு பக்கம். எடுக்கிற வித்தையைச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

ஆனால் கண்டக்டர் படித்த நேரம் மண்டைக்குள் மணி அடித்தது. வெள்ளிக்கிழமை அஞ்சரை!

"அஞ்சரைக்கு அத்தையோட போன் கடையில பிரிச்சுக் கெடந்துச்சு" என்றேன். "கடைக்காரர் டிஸ்ப்ளே மாத்துறதை நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். இந்தா ரசீது. ஒரு வாரமா அவங்க போனு அவங்ககிட்டயே இல்ல. இவங்க குடுக்கலை. செவுத்துல இருக்குற வார்த்தையைப் போட்டு யாரோ எடுத்திருக்காங்க."

யாரோ என்றுதான் சொல்ல முடிந்தது. அதற்குமேல் சொல்லவும் தேவைப்படவில்லை. ஐந்து போனிலும் யாருக்குப் போனது என்று பெயர் இருந்தது.

அப்பா வெளியே போய் வேப்பமரத்தடியில் செத்த நேரம் நின்றார். திரும்பி வந்தபோது அந்தப் பெரிய குரல் இல்லை. "நம்ம கத்திரிச்செடி பூ எடுக்குற நேரம்த்தா. அவ தோட்டம் கையகலம், அவளுக்கு எதுக்கு இம்புட்டுன்னு நெனச்சுட்டேன்" என்றார். பிறகு என் பக்கமாகக் குனிந்து, "திருப்பிக் குடுத்துர்றேன். அந்த வரியை மட்டும் அழிச்சிரு" என்றார்.

"முடியாதுப்பா."

"நீதான செஞ்ச?"

"நான் செஞ்சதுனாலதான் முடியாது."

அந்த வரி என் அப்பா பெயரோடு எந்த நாளும் அதில் இருக்கும். அழுகை வந்தது, மறைக்கவில்லை. அப்பா என்னைப் பார்த்தார். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினார். ரொம்ப நேரம் ஆனது.

ஐந்து போனும் ஒரே நேரத்தில் டிங் என்றன. பதினோரு மணி நேரம், அத்தைக்கு. குறிப்பு எழுதுவதற்கென்று காசின் கீழே ஒரு சின்ன இடம் விட்டிருந்தேன், அதுவரை யாரும் அதைத் தொட்டதில்லை. அதில் இருந்தது: "கேக்காம எடுத்தது நான்."

அத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை. முந்தானையால் போனைத் துடைத்துக்கொண்டு ஸ்டார்ட்டர் பெட்டிக்கு முன்னால் நின்றிருந்த அப்பாவிடம் போனார்.

"செத்தத் தள்ளி நில்லுங்கண்ணே. மோட்டாரப் போடணும்" என்றார்.

அப்பா தள்ளி நின்றார்.