பிளேன்டீ ஆறுவதற்குள் மாற்றிய கடல்

எங்கள் ஹாலில் ஆறடி நீளத்துக்கு ஒரு கடல்மீன் தொட்டி இருக்கிறது. இவ்வளவு நாளும் அதற்குத் தண்ணீர் மாற்றுவதென்றால் ஞாயிறு முழுக்க வாளியும் நானும்தான்.

நேற்று அக்குறணையில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்குப் போய், கடைக்கார நானாவிடம் கேட்டேன்.

“உப்புத் தண்ணிக்கு. பித்தளை வேணாம், பிளாஸ்டிக் வால்வு ரெண்டு தாங்க நானா.”

“கண்டியில ஏது உப்புத் தண்ணி?”

“நம்ம ஹால்ல இருக்கு.”

இன்று காலை பொருத்திவிட்டேன். ஒரு வால்வைத் திறந்தால் பழைய தண்ணீர் குழாய் வழியாக ஜன்னலுக்கு வெளியே போகும். மற்றதைத் திறந்தால், உப்புக் கலந்து பெரிய பெரலில் நிரப்பி வைத்த புதுத் தண்ணீர் மோட்டரில் ஏறி வரும். வாளி இல்லை, முதுகுவலி இல்லை, தரையில் ஒரு சொட்டு இல்லை!

முதல் தடவை தண்ணீர் மாற்றி முடிந்தபோது, தொடங்கும்போது ஊற்றிவைத்த பிளேன்டீ இன்னும் சூடாக இருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“எப்படி?”

“நல்லாத்தான் இருக்கு. அந்தப் பழைய தண்ணி எங்கங்க போகுது?”

இருவரும் ஜன்னலால் எட்டிப் பார்த்தோம். குழாயின் வாய்க்கு நேர் கீழே அவளுடைய அந்தூரியம் பூப்பாத்தி, உப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது.

என் கண்டுபிடிப்பில் ஒரு குறையும் இல்லை என்றுதான் இப்போதும் சொல்வேன். கண்டிப் பக்கம் யாரிடமாவது அந்தூரியம் கன்று இருந்தால், இன்று பின்னேரத்துக்குள் சொல்லுங்கள்.