டாங்கிக்குள் போன இரும்பு நண்டு

என் கையெழுத்து கோணலாக இருக்கும். தமிழ்ப்பள்ளியை ஆறாம் வகுப்போடு விட்டவன் நான். எந்த ர எங்கே வரும் என்று இன்றும் தடுமாறுவேன். தவறு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லத் தெரிந்திருந்தால் எழுத வந்திருக்க மாட்டேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே எனக்குப் பேச்சு நின்றுவிடும்.

எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வட்டமான ஒரு துளை வழியாக வரும் குரல். துறைமுகத்தை ஒட்டிய பாசிர் கூடாங்கில் செம்பனை எண்ணெய் சேமிக்கும் பெரிய டாங்கிகளைக் கழுவுவது என் வேலை. எண்ணெயை வெளியேற்றிய பிறகும் அடியில் கணுக்கால் முழுகும் அளவுக்குக் கசடு நிற்கும். டாங்கியின் சுவரில், தரைக்குச் சற்று மேலே, ஓர் ஆள் தோளைக் குறுக்கிக்கொண்டு நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. மேன்ஹோல் என்போம். அதன் வழியே உள்ளே போய்க் கசடை வழித்துத் தள்ள வேண்டும். எண்ணெயைச் சூடாக்கும் நீராவிக் குழாய்கள் தரையெங்கும் வளைந்து வளைந்து ஓடும். விளக்கு ஒரு பக்கம் எரிந்தால் மறுபக்கம் இருட்டாக இருக்கும். வெளியே துளைக்குப் பக்கத்தில் ஒருவர் கட்டாயம் நிற்பார். உள்ளே போனவர்களின் பெயரை எழுதி வைத்து, அவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று கவனிப்பது அவர் பொறுப்பு. அவருக்கு ஸ்டேண்ட்பை என்று பெயர். என்ன நடந்தாலும் ஸ்டேண்ட்பை மட்டும் உள்ளே வரக்கூடாது. உள்ளே காற்று கெட்டுப்போயிருந்தால் காப்பாற்றப் போகிறவரும் சேர்ந்து விழுந்துவிடுவார். அதற்காகத்தான் அந்த விதி.

எங்கள் ஸ்டேண்ட்பை அண்ணன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். விண்வெளிப் படம் எது வந்தாலும் பார்த்துவிடுவார். மற்ற ஸ்டேண்ட்பைகள் சுவரைத் தட்டி எங்களைச் சோதிப்பார்கள். இவர் கதை சொல்வார். கதையின் நடுவில் நிறுத்துவார். உள்ளே இருக்கிற ஒவ்வொருவரும் 'உம்' கொட்ட வேண்டும். ஓர் உம் குறைந்தாலும் அந்த ஆளின் இடுப்பில் கட்டியிருக்கும் கயிற்றை இழுத்துவிடுவார். எல்லாம் வரப்போகிற காலத்துக் கதைகள். ஓட்டுநர் இல்லாத லாரி, முகத்தைப் பார்த்தே ஆளை விடுகிற வாசல், ஊர் விட்டு ஊர் முகம் பார்த்துப் பேசுகிற தொலைபேசி. அவர் அதிகம் சொன்னது இரும்பு நண்டின் கதை.

"நண்டு ஒன்னு வரும்டா. அதுக்கு மூக்கு கெடயாது, மூச்சு கெடயாது, வூட்ல பொண்டாட்டி கெடயாது. அது உள்ள போயி வழிக்கும். நாம வெளிய உக்காந்து டிவி பாக்குற மாதிரி பாத்துக்கிட்டு கோப்பி குடிப்போம்."

என்னோடு வழித்துக்கொண்டிருந்தவர் உள்ளிருந்து கேட்பார். "நண்டு யூனியன்ல சேருமாண்ணே?"

"சேராதுலா. அதனாலதான் பாஸுக்கு அத புடிக்கும்."

டாங்கிக்குள் சிரித்தால் சிரிப்பு சுவரில் மோதி நாலு மடங்காகத் திரும்பும். நானும் சிரித்திருக்கிறேன். நடக்கும் என்று நம்பிச் சிரித்ததில்லை.

ஒரு நாள் மின்சாரம் போய்விட்டது. விளக்கும் அணைந்தது, காற்றை உள்ளே தள்ளுகிற விசிறியும் நின்றது. துளைக்கு அருகில் இருந்த இருவர் வெளியேறிவிட்டார்கள். நான் எதிர்ச்சுவர் ஓரத்தில் இருந்தேன். என் இடுப்புக் கயிறு எங்கோ குழாயில் சுற்றிக்கொண்டு, அடி எடுத்து வைக்க விடவில்லை. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுபோல் இருந்தது. மூச்சு மேல்மூச்சாக வந்தது. "அண்ணே, உள்ள வாங்கண்ணே" என்று கத்தினேன்.

"வரமாட்டேன் தம்பி. வந்தா ரெண்டு பேருமே படுத்துருவோம். கதய கேளு. நண்டு இப்ப டாங்கிக்குள்ள மாட்டிக்கிச்சு. அது அழுவல. தன்னோட கயிறக் கையால தடவிக்கிட்டே பின்னால போவுது. உம் சொல்லு."

"உம்."

"கொழா தட்டுப்படுது. கயிறு அதுக்கு அடியில நொழஞ்சு மேல வந்துருக்கு. நண்டு மண்டி போட்டு அத எடுக்குது. அவசரப்படல. உம் சொல்லு."

கயிறு எப்படிச் சுற்றியிருந்ததோ அப்படியே அவர் சொன்னார். வெளியில் அதன் மறுமுனை அவர் கையில் இருந்ததால் அது இழுபடும் விதத்தை வைத்தே கண்டுபிடித்திருக்கிறார். நான் நண்டு செய்ததையெல்லாம் செய்தேன். துளை வழியே என் தலை வெளியே வந்தபோது அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "உனக்காகவாச்சும் அந்த நண்டு வரணும்டா" என்றார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. மறுநாள் காலை நான் மறுபடியும் உள்ளே போனேன். பயமில்லாமல் அல்ல. 'முடியாது' என்ற சொல் எனக்கு வாய்க்கு வர நேரமாகும். அதற்குள் இடுப்பில் கயிற்றைக் கட்டிவிடுவார்கள்.

சில ஆண்டுகள் கழித்து அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. கோத்தா திங்கியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் போன பிறகுதான் நண்டு வந்தது. மஞ்சள் நிறத்தில், இரண்டு பட்டைச் சக்கரங்களோடு, நெற்றியில் விளக்கும் கேமராவும் வைத்து. முதல் நாள் அது மேன்ஹோலுக்குள் இறங்கியதைத் திரையில் பார்த்தபோது என் உடம்பு சிலிர்த்தது. நான் வெளியே, வெயிலில், நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கையில் கோப்பிகூட இருந்தது.

இரண்டாம் வாரம் நண்டு நீராவிக் குழாய்க்கு அடியில் தலையைக் கொடுத்து நின்றுவிட்டது. கேபிளைப் பிடித்து இழுத்தார்கள், வரவில்லை. இளம் மலாய் எஞ்சினியர் மரியாதையானவர். என்னிடம் வந்து மலாயில், "அங்கிள், கொஞ்ச நேரம்தான்" என்றார். உள்ளே குழாய்கள் எங்கே போகின்றன என்று மற்றவர்களைவிட எனக்குத்தான் தெரியும். ஆளும் மெலிந்தவன். போனேன். கசடில் படுத்து அதைத் தோளால் நெம்பினேன். முன்பு வாளியும் துடைப்பமும்தான் இருந்தன. இப்போது ஓர் ஆள் கனத்துக்கு இரும்பு. வெளியே நின்ற புது ஸ்டேண்ட்பை பேசவில்லை. பேசத் தேவையில்லை, என் நெஞ்சில் மாட்டிய மீட்டர் காற்று குறைந்தால் அவருக்குத் தகவல் சொல்லிவிடுமாம். உள்ளே அதன் 'பிப்' சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒரு தடவையாவது அப்படி நடந்தது.

இதற்கிடையில் கம்பெனியில் ஒரு வீடியோ எடுத்தார்கள். புதுத் தலைக்கவசத்தோடு என்னை நண்டுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். கீழே, இனி டாங்கிக்குள் மனிதர் யாரும் போவதில்லை என்று எழுத்து ஓடியது. அது கைப்பேசிக்குக் கைப்பேசி போய்க் கோத்தா திங்கிக்கும் போய்விட்டது. அண்ணன் கூப்பிட்டார். வாய் குழறியது.

"வந்துருச்சு பாத்தியா. நான் சொன்னப்ப சிரிச்சீங்க எல்லாரும். இனிமே நீ உள்ள போறதில்லதானே?"

"போறதில்லண்ணே" என்றேன்.

தீபாவளிக்கு அவரைப் பார்க்கப் போனேன். வெள்ளத்துக்குப் பயந்து அவர் கட்டிலைச் செங்கல் மேல் தூக்கி வைத்திருந்தார்கள். இறங்கவும் ஏறவும் மகளோ மருமகனோ பிடிக்க வேண்டும். வந்தவர்களிடமெல்லாம் வீடியோவைப் போட்டுக் காட்டினார். "இவன்தான் கடைசியா உள்ள போன ஆளு" என்று என்னைக் காட்டினார். நான் முறுக்கைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். அவரிடம் உண்மையைச் சொன்னால் அவருக்கு மிச்சம் இருக்கிற ஒரே சந்தோஷமும் போய்விடும். உள்ளே போகமாட்டேன் என்று கம்பெனியில் சொன்னால் என் வேலை போகும். இரண்டு பக்கமும் சுவர்.

எல்லாரும் எழுந்து போன பிறகு, நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்து முகத்தருகே கொண்டுபோனார். கசடின் வாடை எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. மூன்று நாளாவது தோலில் இருக்கும். அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"என்னைக்கு உள்ள போன?"

"முந்தாநேத்து."

"நண்டு?"

"மாட்டிக்கிச்சுண்ணே. அத எடுக்கத்தான்."

என் கையை இறக்கித் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டார். பிறகு, "அலமாக்... எத்தன படம் பாத்துருக்கேன், எத்தன கத சொல்லிருக்கேன். ஒன்னுலகூட அத எடுக்கப் போற ஆள நெனக்கலயேடா" என்றார். நான் எழுந்தபோது கையை விடவில்லை. "முடியாதுன்னு சொல்லு. ஒரே ஒரு தடவ சொல்லிப் பாரு."

அதற்குப் பிறகு நான்கு முறை உள்ளே போனேன். ஒவ்வொரு முறையும் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். படங்களில் வருகிற இயந்திரங்கள் நிஜத்தில் வருமா என்று யாராவது என்னைக் கேட்டால், வரும் என்றுதான் சொல்வேன். எங்களிடம் வந்துவிட்டது. தன்னால் முடிந்ததைச் செய்யவும் செய்கிறது. நாங்கள் வாரக்கணக்கில் வழித்ததை நாலே நாளில் வழிக்கிறது. ஆனால் அதற்கு முடியாமல் போகும்போது அது பேசாமல் நின்றுவிடுகிறது. யாரும் அதைத் திட்டுவதில்லை, கட்டாயப்படுத்துவதும் இல்லை. எல்லாரும் என்னைத்தான் பார்க்கிறார்கள்.

இன்று காலையும் மாட்டிக்கொண்டது. எஞ்சினியர் என் பக்கம் திரும்பினார். ஒருவர் கயிற்றோடு வந்தார். நான் இரண்டு கையாலும் இடுப்பை மூடிக்கொண்டு, "முடியாது" என்றேன். தமிழில் சொல்லிவிட்டேன். அவருக்குப் புரியவில்லை. மலாயில் மறுபடி சொன்னேன். ஏன் என்று கேட்டார். அதற்கு மேல் எனக்குச் சொல் வரவில்லை. அவர் கோபப்படவில்லை. சரி, வேறு யார் போகிறீர்கள் என்று அங்கிருந்த ஆறு பேரையும் கேட்டார். ஒருவர் காலணியைப் பார்த்தார், ஒருவர் துறைமுகத்துப் பக்கம் பார்த்தார். கயிற்றைக் கொண்டு வந்தவர் அதை மெதுவாகச் சுருட்டிக் கீழே வைத்தார். இத்தனை வருடத்தில் என்னைப் போலவே மற்றவர்களுக்கும் பேச்சு வராமல் நான் பார்த்தது அப்போதுதான்.

மேலிடத்தில் பேசிவிட்டுக் கூப்பிடுகிறோம் என்று என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கூப்பிடுவார்களா, கூப்பிட்டு என்ன சொல்வார்கள் என்று தெரியாது. நான் கிளம்பும்போது மணி பதினொன்று. திரையில் நண்டின் விளக்கு டாங்கிச் சுவரின் ஒரே இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. துளைக்கு முன்னால் யாரும் இல்லை.

மார்ச் 9, திங்கட்கிழமை