செல்வி கொண்டுவந்த சட்டை

சுனாமி வந்து ஓராண்டு ஆகப்போகிறது. சதுரங்கப்பட்டினத்தில் பேருந்துக்குக் காத்திருக்கும் நான், எதிரிலிருக்கும் சமுதாயக்கூடத்துக்குள் நுழைகிறேன். சென்னையிலிருந்து ஒரு துணி அருங்காட்சியகத்தார் வந்திருக்கிறார்கள். மீனவப் பெண்கள் வீட்டுப் பழந்துணிகளை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, ஒரே போர்வையாகத் தைக்கிறார்கள். அது இந்தக் கூடத்துச் சுவரிலேயே தொங்குமாம்.

செல்வி என்ற பெண் மட்டும் மடியில் ஒரு நீலக் கட்டம் போட்ட சட்டையோடு, கத்தரிக்கோலைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

"வெட்டலையாம்மா?" என்கிறேன்.

"எப்டிண்ணா வெட்றது? வூட்டுக்காரரு சட்ட. இஸ்திரிக் கடையில கெடந்ததால இது ஒண்ணு தப்பிச்சிது. வூட்ல இருந்ததெல்லாம் தண்ணியோட போச்சு. அவரும் போயிட்டாரு."

அருங்காட்சியகத்துப் பெண் அதைக் கேட்டுவிட்டு அருகில் வருகிறாள். "வெட்ட வேண்டாங்க்கா. முழுசா நடுவுல வெச்சுத் தைக்கலாம்."

மற்ற பெண்கள் தங்கள் துண்டுகளை நகர்த்தி இடம் விடுகிறார்கள். செல்வி சட்டையை விரித்து, கீழிருந்து ஒவ்வொரு பித்தானாகப் போடுகிறாள். மேல் பித்தானை அருங்காட்சியகத்துப் பெண் போட்டுவிட, செல்வி அவள் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

"அத மட்டும் வுட்டுடும்மா. கழுத்துல போட்டா புழுங்குதும்பாரு."

செல்வியே அந்தப் பித்தானை அவிழ்த்துவிட்டு, ஊசியில் நூல் கோக்கிறாள்.