நான் தலையாட்டிய அந்த வெள்ளிக்கிழமை

அறுபதுகளின் தொடக்கத்தில் ஆம்பூரில் நடந்தது இது. தோல் பதனிடும் டேனரி ஒன்றில் எனக்கு வேலை. ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறும் தோல்களைப் புரட்டிப் புரட்டிப் போடவேண்டும். இருபத்திரண்டு வயது. கைக்கு இருந்த வேலையைவிட வாய்க்கு வேலை ஜாஸ்தி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலூருக்குப் போய் இந்திப் படம் ஒன்று பார்த்தேன். வடக்கே ஏதோ ஒரு ஊரில் தெருவோரம் தூங்குகிறவர்களை ஒருவன் வரிசையாகக் கல்லால் அடித்துக் கொன்றானாம். நிஜமாகவே நடந்ததாம், கடைசிவரை ஆளைப் பிடிக்கவே முடியவில்லையாம். அதை வைத்து எடுத்த படம். எனக்கு இந்தி சுத்தமாகத் தெரியாது. வீட்டில் உருது பேசும் என் தோஸ்த் பக்கத்தில் உட்கார்ந்து காதோரம் கதை சொல்லிக்கொண்டே வந்தான். பாதிப் படத்தில் அவனுக்கே பேஜாராகிவிட்டது. “சும்மா இருடா, என்னப் படம் பாக்க வுடு” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். மீதிக் கதையை நானே கட்டிக்கொண்டேன்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் அந்தக் கதையை ஆரம்பித்தேன். சுற்றிலும் இருபது பேர். கொலைகாரனுக்கு ரத்தச் சிவப்பில் கண், கையில் ஒரு துணி மூட்டை, அதற்குள் கல் என்று இஷ்டத்துக்கு அளந்தேன். நான்கு நாள் ஓட்டினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! கடைசியில், “அவன் ரயிலேறி தெக்க வந்துட்டானாம், படம் முடியறப்ப எழுத்துலயே போட்டான்” என்று ஒரு போடு போட்டேன். படத்தில் அப்படி ஒன்றும் போடவில்லை. தோல் உலர்த்தும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். “உனக்கு இந்தி இவ்ளோ தெரியுமா?” என்று ஒருத்தி கேட்டாள். ஏதோ கொஞ்சம் என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிக்கொண்டேன்.

அந்த வார வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் மேனேஜர், மேஸ்திரி, பாதித் தொழிலாளிகள் எல்லோரும் ஜும்மா தொழுகைக்குப் போய்விடுவார்கள். தொழுகை முடித்து, வீட்டில் சாப்பிட்டுத் திரும்ப இரண்டரை மணியாகும். அதுவரை டேனரியில் உருது தெரிந்தவர் ஒருவரும் இருக்கமாட்டார். அன்று அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் உலர்த்தும் களத்திலிருந்து ஒரு பெண் அலறினாள். ஓடிப்போய்ப் பார்த்தோம். உயரமாக ஒரு வடக்கத்தி ஆள். பல நாள் தாடி, தூங்காமல் சிவந்துபோன கண், கக்கத்தில் துணி மூட்டை. சட்டையின் முன்பக்கம் முழுக்க ரத்தக் கறை.

அதற்குமேல் யார் யோசிப்பார்கள்? நாலைந்து பேர் பாய்ந்து பிடித்து, தோல் கட்டும் கயிற்றால் கையைக் கட்டிவிட்டார்கள். கன்னத்தில் இரண்டு அறையும் விழுந்தது. சுண்ணாம்புக் குழியில் வேலை செய்யும் பெரியவர் ஒருவர்தான், “அடிக்காதீங்கப்பா. ஜும்மா முடிஞ்சு மேஸ்திரி வரட்டும், அவரு பேசிப் பாக்கட்டும்” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. “ஏன், நான் இன்னாத்துக்கு இருக்கேன்?” என்று முன்னால் போய் நின்றேன்.

எனக்குத் தெரிந்த நாலு வார்த்தையில் ஒன்றை எடுத்து, “க்யா?” என்று அதட்டினேன். அவ்வளவுதான், அந்த மனிதரின் முகமே மாறிவிட்டது. கட்டிய கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டு மடமடவென்று பேச ஆரம்பித்தார். நடுவில் அழுதார். சட்டைக் கறையைக் காட்டினார். ஸ்டேஷன் பக்கம் கையை நீட்டினார். ஒரு பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அப்படி ஒரு பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. எனக்கு ஒரு எழுத்து புரியவில்லை. ஆனால் இருபது பேர் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்களே! “ஹான், ஹான்” என்று தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

“இன்னா சொல்றான்?” என்று கேட்டார்கள்.

“மாத்தி மாத்திப் பேசறான். எந்த ஊருன்னு கேட்டா பதிலே இல்ல” என்றேன்.

பட்டைக் கிடங்கில் தள்ளிப் பூட்டினோம். காட்பாடிப் பக்கம் போகும் பாசஞ்சர் ரயில் ஊதிக்கொண்டு போனபோது உள்ளேயிருந்து கதவை அப்படி இடித்தார். எல்லோரும் பயந்து இரண்டடி தள்ளி நின்றோம்.

இரண்டரைக்கு மேஸ்திரி வந்து கதவைத் திறந்து பேசினார். இரண்டு நிமிடம்கூட இருக்காது, தலையில் அடித்துக்கொண்டார். அந்த ஆளின் மனைவி வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். காலையில் ரத்த வாந்தி எடுத்திருக்கிறாள், அவர் மேலேயே. உடனே ஆபரேஷன் செய்யவேண்டும், ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும். இவருடைய ரத்தம் சேரவில்லை. இந்தப் பக்கத்தில் இவருக்குத் தெரிந்த ஊர்க்காரர் ஒரே ஒருவர்தான், எங்கள் டேனரியில் பச்சைத்தோல் தரம் பிரிப்பவர். அவரைத் தேடி வந்திருக்கிறார். நாங்கள் அந்த ஊர்க்காரரை எப்போதும் ‘பாய்’ என்றே கூப்பிட்டுப் பழகியவர்கள். பெயர் என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவரும் தொழப் போயிருந்த பள்ளிவாசல் நாங்கள் நின்ற இடத்திலிருந்து கூப்பிடு தூரம். அங்கே கூட்டிப்போயிருந்தால் இரண்டு பேரும் அந்த ரயிலைப் பிடித்து, காட்பாடியில் இறங்கி வேலூர் போயிருப்பார்கள்.

தோல் ஏற்றி நின்ற லாரியில் இருவரையும் மேனேஜர் அனுப்பிவைத்தார். அவர்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே அந்த அம்மா இறந்துவிட்டார். ஊர்க்காரரின் ரத்தம் சேர்ந்திருக்குமா, சேர்ந்திருந்தாலும் பிழைத்திருப்பாரா, எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் அதைச் சொல்லி ஆயிரம் தடவை என்னை நானே சமாதானப்படுத்திப் பார்த்துவிட்டேன். மனசு கேட்கவில்லை.

மூன்றாம் நாள், கிடங்கிலேயே விட்டுப்போன மூட்டையை எடுக்க அவர் வந்தார். அதில் மனைவியின் மாற்றுப் புடவை இரண்டும் ஒரு சீப்பும் இருந்தன. என்னைப் பார்த்ததும் நின்றார். அவர் கையாலேயே நாலு அறை அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவரோ மேஸ்திரியிடம் மெதுவாக ஏதோ கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் போய்விட்டார்.

“இன்னா கேட்டாரு?” என்றேன்.

மேஸ்திரி என் முகத்தைப் பார்க்கவில்லை. “இந்தத் தம்பிக்கு நம்ம பாஷை தெரியுமேன்னு நம்பி இவர்கிட்டதான் எல்லாத்தையும் சொன்னேன், எல்லாத்துக்கும் ஹான் ஹான்னாரு, அப்புறம் ஏன் மத்தவங்களுக்கு எடுத்துச் சொல்லலன்னு கேக்கறாருப்பா” என்றார்.

அந்தக் கூட்டத்தில் தன் பேச்சு புரிகிற ஆள் என்று அந்த மனிதர் நம்பியது என்னை மட்டும்தான். எனக்குத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்ல அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை நினைத்துத்தான் இந்த வயதிலும் தனியாக உட்கார்ந்து அழுகிறேன்.